ஒரு செடி வாடுகிறதா, தோட்டமே வாடுகிறதா? சின்னக் காரின் இன்ஜெக்டர் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். பின்சீட்டில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று உதறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னியது. பின்னால் வரிசையாக லாரிகள். எப்படியோ ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மெதுவாக ஓட்டியபடி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் சத்தம் கேட்டார்கள். "இன்ஜெக்டர் போயிடுச்சு சார், மூணையும் மாத்திடலாம்" என்றார்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் சாமான் அது. கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போடவில்லை, பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தக்காளி, முழுக்கச் சொட்டுநீர்ப் பாசனம். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஒரு செடி வாடுதா, தோட்டமே வாடுதா? அதைப் பார்க்காம எப்படிடா எல்லா டிரிப்பரையும் மாத்தச் சொல்றாங்க?"

இன்ஜெக்டர் பழுது பார்ப்பதில் இதைவிட நல்ல முதல் கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சொட்டுநீர் பார்க்காத ஆள் குறைவு. அதனால் அந்த வழியிலேயே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சொட்டுநீரில் என்ன இருக்கிறது? கிணற்றிலோ போர்வெல்லிலோ மோட்டார். அடுத்து ஃபில்டர். அங்கிருந்து மெயின் பைப், அதிலிருந்து வரிசை வரிசையாக லேட்டரல் குழாய்கள், கடைசியில் செடியின் காலடியில் டிரிப்பர். பெட்ரோல் காரிலும் இதே அமைப்புதான். டேங்குக்குள் ஒரு மின்சார பம்ப் மூழ்கிக் கிடக்கிறது. அடுத்து ஃபில்டர். அதைத் தாண்டி எஞ்சின் வரை ஒரு குழாய். எஞ்சின் மேல் 'ஃபியூயல் ரயில்' என்று ஒரு தடித்த குழாய் படுத்திருக்கும். அதிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர்கள் இறங்கும். மூன்று சிலிண்டர் வண்டிக்கு மூன்று, நான்கு சிலிண்டருக்கு நான்கு. மாருதியின் டூயல்ஜெட் எஞ்சின்களில் மட்டும் சிலிண்டருக்கு இரண்டு இருக்கும்.

டிரிப்பர் ஒரு கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) வேலை செய்யும். சாதாரண சின்னக் காரில் ரயிலுக்குள் பெட்ரோல் ஏறக்குறைய 3 கிலோ அழுத்தத்தில் நிற்கிறது. 30 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி, அதன் அடியில் குழாயைத் திறந்தால் என்ன வேகம் வருமோ அந்த வேகம். பெட்ரோல் பம்ப் நின்றாலும் இந்த அழுத்தம் உடனே இறங்காது. ஆகவே எஞ்சினை நிறுத்தியதும் ரயிலில் கை வைத்துக் குழாயைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிரிப்பர் மோட்டார் ஓடும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் அப்படி இல்லை. அது கண் இமைப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்து மூடும் ஒரு மின்சாரக் குழாய். சுண்டுவிரல் அளவு உருளை, உள்ளே செம்புக் கம்பிச் சுருள், நடுவில் ஊசி போன்ற ஒரு துண்டு, அதை அழுத்தி மூடி வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஊசியை மேலே இழுக்கும். இழுப்பது முடியின் தடிமன் அளவுதான். அந்த இடைவெளியில் பெட்ரோல் பாய்ந்து, நுனியில் உள்ள மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பனிப்புகை போலத் தெறிக்கும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஊசியை இறக்கி மூடிவிடும்.

வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் நேரம் 2 அல்லது 3 மில்லி விநாடி. ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டி அதில் இரண்டு மூன்று துண்டு. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஒருமுறை திறக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் 2500 சுற்றில் ஓட்டினால் ஒரு இன்ஜெக்டர் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். இவ்வளவு உழைக்கும் பொருள் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் பெரும்பாலும் கெடாமல் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மரியாதையே வருகிறது. எடுத்த எடுப்பில் அதன்மேல் பழி போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு முன்னால் இருந்தது கார்புரேட்டர். காற்று வேகமாக உறிஞ்சப்படும்போது கூடவே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு. பழைய மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் சோக் இழுத்தால்தான் வண்டி பிடிக்கும். எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று அளந்து ஊற்ற அதனால் முடியாது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. (நம் ஊர் மெக்கானிக்குகள் 'மைக்கோ' என்று சொல்வார்களே, 1951-இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனம், அது அந்த போஷின் இந்தியக் கிளைதான்.) நம் நாட்டின் சின்னக் கார்களுக்கு இது வந்தது 2000-ஆம் ஆண்டையொட்டி. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் கார்புரேட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வண்டியின் பின்பக்கம் 'எம்பிஎஃப்ஐ' (சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் வைத்துத் தெளிக்கும் முறை) என்று பெருமையாக எழுதி ஒட்டியிருந்த காலம் அது.

சரி, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? இசியு என்கிற சின்னக் கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் சூடு எவ்வளவு, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்றெல்லாம் சென்சார்கள் வழியாகப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்கச் சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எரிந்தபின் ஆக்சிஜன் மிச்சமிருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அடுத்த முறை இசியு இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறக்கும். பெட்ரோல் அதிகமாகிவிட்டால் நேரத்தைக் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு 'ஃபியூயல் ட்ரிம்' என்று பெயர். ஸ்கேனரில் சதவீதமாகத் தெரியும். பொதுவாக 10 சதவீதத்துக்குள் கூடவோ குறையவோ இருந்தால் கவலை இல்லை. 20-ஐத் தொட்டால் எங்கோ கோளாறு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ள எனக்கே சில நாள் பிடித்தது. பெரும்பாலான சின்னக் கார்களில் எல்லா சிலிண்டர்களின் புகையையும் சேர்த்துத்தான் ஒரே சென்சார் பார்க்கிறது. மூன்று இன்ஜெக்டரில் ஒன்று பாதி அடைத்துக்கொண்டால், "மொத்தத்தில் பெட்ரோல் குறைகிறது" என்றுதான் இசியுவுக்குத் தெரியும். எந்த சிலிண்டர் என்று சென்சார் சொல்லாது. உடனே அது மூன்றையுமே கூடுதல் நேரம் திறக்கும். விளைவு என்ன? அடைத்துக்கொண்ட சிலிண்டர் அப்போதும் பட்டினி, நன்றாக இருக்கும் இரண்டும் தேவைக்கு மேல் குடிக்கும். ஒரு டிரிப்பர் அடைத்ததற்காகத் தோட்டம் முழுவதற்கும் மோட்டாரைக் கூடுதலாக ஓட விட்டால் மற்ற செடிகளின் கால் அழுகுமே, அந்தக் கதைதான். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்தாலும் மைலேஜ் குறைவது இதனால்தான்.

அடைப்பது எப்படி?

எங்கள் தோட்டத்தில் டிரிப்பர் அடைப்பது தண்ணீரில் உள்ள உப்பால். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வெள்ளையாகப் படிந்து துளையை மூடிவிடும், அப்பா வருஷத்துக்கு ஒருமுறை ஆசிட் விட்டு அலசுவார். இன்ஜெக்டரில் படிவது உப்பு அல்ல, பெட்ரோலிலேயே உள்ள கனமான பகுதி.

வண்டி ஓடும்போது இது பெரும்பாலும் படிவதில்லை. அப்போது பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருப்பதால் நுனி கழுவப்படுகிறது, குளிர்ந்தும் இருக்கிறது. நிறுத்திய பிறகுதான் படிகிறது. வெயிலில் ஓட்டி வந்து எஞ்சினை அணைக்கிறீர்கள். குளிர்விக்கும் தண்ணீரும் நிற்கிறது, காற்றும் நிற்கிறது. அடுத்த பத்து பதினைந்து நிமிடம் எஞ்சினின் சூடு மேலே ஏறி இன்ஜெக்டர் நுனியை வறுக்கும். நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போகும். மிஞ்சுவது பிசின் மாதிரி ஒரு படலம். பால் காய்ச்சிய பாத்திரத்தை அப்படியே விட்டால் ஓரத்தில் ஏடு காய்ந்து ஒட்டுமே, அதுபோல. ஒரு நாளைக்கு ஒருமுறை சேலம் போய் வரும் வண்டியைவிட, வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஐந்து முறை போய் ஐந்து முறை அணைக்கும் வண்டிக்கு இது அதிகம்.

இன்னொரு வழி, மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது. நம் மாவட்டத்தில் பாதிப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறோம், ஊரில் ஒரு கார் ஷெட்டில் கிடக்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் நாளாக ஆக ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, பிசுபிசுப்பாகும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்களில் துரு பிடிக்கும்.

அடைப்பதைத் தவிர வேறு கோளாறுகளும் உண்டு. ஊசி சரியாக உட்காராமல் சொட்டுவது ஒன்று. சுருள் அறுந்தோ, வயரைச் செருகும் கப்ளரில் பச்சை பிடித்தோ திறக்கவே திறக்காமல் போவது இன்னொன்று. மேலும் கீழும் உள்ள ரப்பர் ஓ-ரிங் காய்ந்து வெடித்து, மேலே பெட்ரோலோ கீழே காற்றோ கசிவது மூன்றாவது. மேலே பெட்ரோல் கசிந்தால் நெருப்பு அபாயம். பானெட்டுக்குள் பச்சைப் பெட்ரோல் வாசனை வந்தால் அதற்குமேல் ஓட்ட வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

ஒரு செடியா, தோட்டமா?

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். முதல் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டணத்தில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். 'பி0302' என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை. பி0300 என்று வந்திருந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி என்று பொருள். பி0171 என்றால் மொத்தத்தில் பெட்ரோல் போதவில்லை, பி0172 என்றால் மொத்தத்தில் அதிகம். பி0201, 0202 என்று வரிசையாக வந்தால் அந்த இன்ஜெக்டரின் சுருளிலோ வயரிங்கிலோ கோளாறு. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்கிறேன், உதவுகிறது.

ஆக வாடியது ஒரு செடி. மோட்டாரும் ஃபில்டரும் நன்றாக இருப்பதால்தான் மற்ற இரண்டும் ஓடுகின்றன. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் என்று பொதுவான சாமான்கள் எல்லாம் சந்தேகத்திலிருந்து ஒரே நொடியில் விலகிவிட்டன.

ஆனாலும் இரண்டாவது இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று அதற்குள் சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் எரிய நெருப்புப்பொறி வேண்டும், பெட்ரோல் வேண்டும், உள்ளே அழுத்தம் வேண்டும். பொறியைத் தருவது பிளக்கும் அதன்மேல் உட்காரும் காயிலும். இரண்டையும் கழற்றுவது எளிது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டாவது காயிலை ஒன்றாவது இடத்திலும் ஒன்றாவதை இரண்டிலும் மாற்றிப் போட்டார். ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் பி0302. காயில் நன்றாக இருக்கிறது. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றினார். மறுபடியும் பி0302. பிளக்கும் தப்பித்தது. கழற்றிய பிளக்கைக் காட்டினார். மற்ற இரண்டின் நுனியும் இளம் காப்பி நிறம், இரண்டாவது மட்டும் வெளுத்து வெள்ளையாக. பெட்ரோல் குறைவாக எரிந்ததன் அடையாளம். கருப்பாக, ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்திருந்தால் அதற்கு நேர்மாறு, இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அல்லது அங்கே பொறியே விழவில்லை.

அதன்பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நுனியை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். 'டிக் டிக் டிக்' என்று மூன்றிலும் ஒரே சீராகக் கேட்டது. பழைய தையல் மிஷினை மெதுவாக மிதிப்பது போன்ற சத்தம். சத்தம் வந்தால் மின்சாரம் வருகிறது, ஊசி அசைகிறது. சத்தமே இல்லாவிட்டால், கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துச் சுருளை அளக்கலாம். பெரும்பாலான சின்னக் கார்களில் 12 முதல் 16 ஓம் வரை காட்டும், எல்லா இன்ஜெக்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறாகவோ, அளவே காட்டாமலோ இருந்தால் சுருள் போய்விட்டது. சுருள் நன்றாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் வயரிங்கில் கட் இருக்கலாம். கப்ளரில் செருகிப் பார்க்கச் சின்ன டெஸ்ட் பல்ப் ஒன்று கிடைக்கிறது, அது மின்னினால் இசியுவிலிருந்து கட்டளை வருகிறது என்று அறியலாம். (ஸ்க்ரூ டிரைவர் வைக்கும்போது கைச்சட்டை, துண்டு, தொங்கும் முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.)

இன்னொரு சோதனையும் செய்தார். ஐட்லிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரின் கப்ளரையும் ஒரு நொடி கழற்றி மாட்டினார். ஒன்றாவதைக் கழற்றியபோது எஞ்சின் நிற்கப்போவது போல் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோதும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது பெரிய மாற்றமில்லை. வேலை செய்யாத ஆளை வீட்டுக்கு அனுப்பினால் வேலை குறையாதல்லவா, அதுதான் தர்க்கம். இந்தச் சோதனையைக் காயில் கப்ளரைக் கழற்றிச் செய்பவர்கள் உண்டு. அது தவறு. காயிலைக் கழற்றினால் பெட்ரோல் உள்ளே போய், எரியாமல் அப்படியே சைலன்சரில் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகும், அங்கே எரிந்து அதை நாசமாக்கும். விலை உயர்ந்த சாமான் அது. தொப்பூரில் என் மீட்டரில் விளக்கு நிலையாக எரியாமல் மின்னியதும் இந்த எச்சரிக்கையைத்தான் சொன்னது. நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டு என்று பொருள். மின்னினால் இப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்று பொருள்.

கடைசியாக, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, அது தானாக அணையும்வரை ஓட விட்டார். ரயிலில் அழுத்தம் இறங்க இதுதான் வழி. பேட்டரியின் மைனஸைக் கழற்றினார். இரண்டாவது இன்ஜெக்டரை ஒன்றாவது இடத்துக்கும் ஒன்றாவதை இரண்டுக்கும் மாற்றினார். ஓட்டிப் பார்த்தோம். இந்த முறை வந்தது பி0301. கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே நடந்து போய்விட்டது. அப்போதுதான் அவர் "இன்ஜெக்டர்தான்" என்று வாயைத் திறந்தார்.

முதல் ஒர்க்‌ஷாப்பும் இன்ஜெக்டர் என்றுதானே சொன்னது என்று கேட்கலாம். அவர்கள் மூன்றை மாற்றச் சொன்னார்கள், ஆதாரம் ஒன்றுமில்லை. எனக்கு மாற்ற வேண்டியது ஒன்றுகூட இல்லை, கழுவினால் போதும் என்று அடுத்து தெரிந்தது.

தோட்டமே வாடும் கதைக்கு என் சித்தப்பா வண்டி உதாரணம். பர்கூர் பக்கம் மாந்தோப்பில் ஐந்து மாதம் நின்றிருந்தது. எடுத்தபோது ஐட்லிங் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடியது, எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி. "நின்ன வண்டி, இன்ஜெக்டர் அடைச்சிருக்கும்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதே மெக்கானிக் பானெட்டைத் திறந்து குனிந்து கேட்டார், 'உஸ்' என்று ஒரு சத்தம். எலி கடித்த வேக்குவம் ஹோஸ். அந்த ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு ரப்பர் குழாய், இரண்டு கிளிப், வேலை முடிந்தது. பழைய பெட்ரோலை மட்டும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னார்.

எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கோளாறு என்றால் காற்றுக் கசிவு, பெட்ரோல் பம்ப், ஃபில்டர், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு, சென்சார் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் ட்ரிம் எண் இதற்குக் கைகொடுக்கும். ஐட்லிங்கில் சரியாக இருந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் கூட்டல் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து போதவில்லை, பம்பையோ ஃபில்டரையோ பாருங்கள். அழுத்தமானி வைத்து 3 கிலோ நிற்கிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும். ஓடி நிறுத்திய வண்டி அரை மணி கழித்து எடுக்கும்போது மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், இன்ஜெக்டர் சொட்டலாம், அல்லது பம்பில் உள்ள வால்வு அழுத்தத்தைப் பிடித்து வைக்காமல் இருக்கலாம். என்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, அளவும் கூடியிருந்தால் சொட்டும் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம்.

கழுவுவது

மூன்று வழிகள் உண்டு. டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து எளிது. பாலிஈதர்அமீன் என்ற பொருள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் லேசான படலத்தைக் கரைக்கும். முற்றாக அடைத்ததை அது திறக்காது, திறக்கும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். இரண்டாவது, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கழுவும் திரவத்திலேயே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவது. இது நடுத்தரம். என்ன மாறியது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பது அதன் குறை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இன்ஜெக்டரைக் கழற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு அதிர வைத்துக் கழுவுவது. முன்னும் பின்னும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணாடி அளவுக் குழாய். ஒரே நேரம் தெளிக்க விட்டு அளவு பார்ப்பார்கள். என் வண்டியின் மூன்றையும் மாட்டியபோது இரண்டு குழாய்களில் திரவம் ஒரே மட்டத்தில் ஏறியது, இரண்டாவதில் கால்வாசி குறைவு. தெளிப்பும் புகை போல இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பி போல் விழுந்தது. கழுவிய பிறகு மூன்றும் ஒரே மட்டம். அப்பாவைக் கூட்டிப்போயிருந்தேன். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார், தோட்டத்தில் டம்ளர் வைத்து டிரிப்பரை அளப்பது போலவே இருக்கிறது என்றார்.

கழற்றினால் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே திரும்பப் போடுவது நெருப்போடு விளையாட்டு. மாட்டும்போது ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஆயில் தடவினால் கிழியாமல் உட்காரும். இன்ஜெக்டரின் தலைக்குள் ஒரு குட்டி ஃபில்டர் கூடை இருக்கும், அதையும் மாற்றலாம். நுனித் துளையில் குண்டூசி விடவே கூடாது. துளை ஒரு முடியளவு பெருத்தாலும் அந்த இன்ஜெக்டரின் கணக்கு நிரந்தரமாகத் தப்பிவிடும். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துப் பிடித்துக்கொண்டே கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மில்லி விநாடிக் கணக்கில் மின்சாரம் வாங்கப் பிறந்த சுருள் அது, தொடர்ந்து கொடுத்தால் கருகும்.

கோளாறே இல்லாத வண்டிக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் 'இன்ஜெக்டர் கிளீனிங்' என்று பில்லில் ஏற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் ஃபில்டரைக் காலத்துக்கு மாற்றுங்கள். சில வண்டிகளில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்து இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் கால்வாசிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பம்பைக் குளிரவைப்பதே அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான். ஒகேனக்கல், அஞ்செட்டி, வத்தல்மலை என்று மலைப்பாதை போகும்போது டேங்க் காலியாக இருந்தால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். நிறுத்தி வைக்கும் வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது, மேலே சொன்ன பால் ஏடு கதையைத்தான் கூட்டும்.

இ20 பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்காக இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம். பழைய வண்டிகளில் எத்தனால் டேங்கிலும் குழாயிலும் படிந்த பழைய அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பலாம், ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்கையும் சீக்கிரம் பாதிக்கலாம். 2023-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது அவற்றில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சாதாரண பெட்ரோல் வண்டிக்கு. சில டர்போ பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும், அங்கே அழுத்தம் நூறு கிலோவுக்கும் மேல். டீசல் காமன்ரயில் வண்டியில் அது ஆயிரத்தைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வலி தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரலை இழந்தவர்கள் உண்டு. ஆகவே டீசலில் கசிவு தேடக் கையை வைக்காதீர்கள், ஓடும்போது நட்டைத் தளர்த்தாதீர்கள். டெஸ்ட் பெஞ்சும் பயிற்சியும் உள்ளவர்களிடமே விடுங்கள். பல டீசல் இன்ஜெக்டர்களின் உடம்பில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். புதிது போட்டால் அந்தக் குறியீட்டை இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றினார்களா என்று வண்டியை எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.